மலை வலக்கைப் பக்கம்

அத்தியாயம் 11

போன வாரம் வரைக்கும் நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஆதிமூலத்துக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் பாலாஜி அடி அண்ணாமலை வீட்டைப் பூட்டிவிட்டு, அப்பாவையும் அம்மா திரௌபதியையும் வேங்கிக்காலில் தான் கட்டிய புது வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். பூட்டிய வீட்டை இடித்து லாட்ஜ் கட்ட ஒருவர் கேட்டார், பாலாஜியும் தலையாட்டிவிட்டான். அந்த வீடு திரௌபதியின் பேரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவள் போய்க் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

இன்றைக்குப் புதன்கிழமை. விடிந்ததும் வீட்டில் கிளம்பிய சண்டை கையெழுத்தைப் பற்றியது இல்லை, பூவைப் பற்றியது.

ஆதிமூலத்தின் தங்கை ராணியம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து அண்ணனைப் பார்க்க வந்திருந்தாள். வரும்போதே மல்லிகைச் சரம் வாங்கி வந்தவள், பாலாஜியின் மனைவி மதிவதனி குளித்துவிட்டு வந்ததும் அவள் தலையில் வைக்கப் போனாள். மதிவதனி பின்னால் நகர்ந்துகொண்டு, இந்த வாரம் வேண்டாம், எலிக்கு ஆகாது, தப்பாக நினைக்காதீர்கள் என்றாள்.

ராணியம்மாள் தப்பாகத்தான் நினைத்தாள். அப்படி நினைப்பதில் அவளுக்கு நல்ல அனுபவம் உண்டு.

"கல்யாணமான பொண்ணு பூ வேணாங்கிறா. கேட்டா எலிக்கு ஆகாதுங்கிறா. பிள்ளையாரு வாகனத்தைப் புடிச்சி ஊசி குத்துறது போதாதுன்னு, அதுங்களுக்காக மொட்டைத் தலையா வேற நிக்கணுமா அண்ணி?"

திரௌபதி சிரித்துக்கொண்டே காபியை ஆற்றினாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் அவளும் இதே கேள்வியைக் கேட்டவள்தான். இப்போது பதில் சொல்லும் பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

மதிவதனி சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மனுஷனுக்கு வரும் மறதி நோயைச் சுண்டெலிக்கு வரும்படி செய்து, அது எதை மறக்கிறது, எதை மறக்காமல் வைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த வேலை. எலிக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது. நேற்று ஒரு வாசனையோடு வந்தவள் இன்றைக்கு வேறு வாசனையோடு வந்தால் அது மிரண்டுபோகும், மிரண்ட எலி பரீட்சையில் தப்புச் செய்யும். அதனால் பரீட்சை நாட்களில் மதிவதனிக்குப் பூ இல்லை, பவுடர் இல்லை, சோப்பு மாற்றக் கூடாது.

அந்தப் பரீட்சையை மதிவதனியின் போனில் வீடியோவாகத் திரௌபதி பார்த்திருக்கிறாள். ஒரு பெரிய வட்டத் தொட்டி, அதில் பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. நாலு சுவரிலும் படங்கள் ஒட்டியிருக்கும். எலி நீந்தி நீந்தி, படங்களை அடையாளம் வைத்து, மேடை இருக்கும் இடத்தைக் கற்றுக்கொள்ளும். கடைசி நாளில் மேடையை எடுத்துவிடுவார்கள். இடம் மனசில் பதிந்த எலி, இல்லாத மேடையைத் தேடி அதே இடத்தையே சுற்றிச் சுற்றி வரும். மறந்துபோன எலிக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான். அந்தக் கடைசிப் பரீட்சைதான் நாளைக்கு. இடையில் எலிகளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பதால்தான் நேற்று ராத்திரி வந்திருந்தாள். மாசக்கணக்காக அவள் கையிலேயே பழகிய எலிகள் வேறு கைக்குப் போனால் மிரளும். மத்தியான பஸ்ஸில் அவள் போயே ஆக வேண்டும்.

திரௌபதியின் மனசை உண்மையில் பிடித்தது எலி நீந்தியது இல்லை. நீந்தி முடித்த ஒவ்வொரு எலியையும் மதிவதனி துண்டால் ஒற்றித் துடைத்து, சூட்டு விளக்குக்குக் கீழே கொண்டுபோய் விட்டாள். யாரும் சொல்லவில்லை, அத்தனை எலிக்கும் அதே பொறுமை. நம் வீட்டுக்கு வந்த பெண் எப்படிப்பட்டவள் என்று அன்றைக்குத்தான் திரௌபதிக்குப் புரிந்தது.

ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டும்விட்டாள். அந்த எலிகளுக்குப் போடுகிற மருந்தில் ஒரு சொட்டு உங்கள் மாமாவுக்குக் கிடைக்காதா என்று. மதிவதனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் தண்ணீர் என்பது தனக்கே தெரியாது, தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் தெரியாமல்தான் வைத்திருக்கிறார்கள் என்றாள். எலிக்குக் குணமானது மனுஷனுக்குக் குணமாகாமல் போனதுதான் இதுவரைக்கும் ஜாஸ்தி என்றும் சொன்னாள். பொய்யாக ஒரு நம்பிக்கை வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்குத் திரௌபதி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆனால் அதற்கப்புறம் மருமகள் சொல்வதை இந்த அளவுக்கு நம்பியிருக்க மாட்டாள்.

இதையெல்லாம் நாத்தனாருக்கு விளக்கி முடித்து, ஆறின காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது கட்டில் காலியாக இருந்தது.

பாத்ரூமில் இல்லை, மாடியில் இல்லை. வாசலில் அவர் செருப்பு இல்லை. ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் பையும் இல்லை. தண்ணீர்க் கேன் போடுகிறவர் சாத்தாமல் விட்டுப்போன கேட் திறந்தே கிடந்தது.

பாலாஜி தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான். பழைய வீட்டுக்குத்தான் போயிருப்பார், வேறே எங்கே போவார் என்று பைக்கை எடுத்தான். வேங்கிக்காலிலிருந்து அடி அண்ணாமலைக்கு வடக்குப் பக்கமாகப் போனால்தான் தூரம் குறைவு. ஈசான்ய லிங்கத்தையும் குபேர லிங்கத்தையும் தாண்டினால் சீக்கிரம் ஊர் வந்துவிடும். போய்ச் சேர்ந்து போன் பண்ணினான். வழியில் இல்லை, வீட்டிலும் இல்லை, பூட்டு பூட்டியபடி தொங்குகிறது.

அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன். அதே வடக்கு ரோட்டில் இன்னும் ஒரு தடவை. வெயில் ஏறிக்கொண்டே போனது. டிபன் சாப்பிடாத மனுஷன், சர்க்கரை வேறு. பாலாஜி போனில் கத்தினான், கத்தும்போதே குரல் உடைந்தது.

"இனிமே அவரை ரூம்ல வெச்சிப் பூட்டித்தான் ஆவணும். வேற வழியே இல்லம்மா."

கம்பம் கம்பமாக ஏறி ஊருக்கே வெளிச்சம் கொடுத்த மனுஷனைப் பூட்டி வைப்பதா? திரௌபதி போனை வைத்துவிட்டாள். ராணியம்மாள் அழ ஆரம்பித்திருந்தாள். அவள் ஒன்றை ஆரம்பித்தால் சீக்கிரத்தில் முடிக்க மாட்டாள்.

மதிவதனி மட்டும் வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடா இது, மாமனார் காணாமல் போயிருக்கிறார், இவள் வேடிக்கை பார்க்கிறாளே என்று யாருக்கும் தோன்றும். திரௌபதிக்குத் தோன்றவில்லை. அந்த முகத்தை அவள் போனில் பார்த்திருக்கிறாள். எலி திரும்பும் திசையைக் கவனிக்கிற முகம் அது.

"அத்தை, மாமா பழைய வீட்ல இருந்து டவுனுக்கு எந்த வழியா போவாரு?"

"வடக்கால போவாரு. வரும்போது செங்கம் ரோடு வழியா சுத்திக்கினு வருவாரு. எதுக்குக் கேக்குற?"

"வந்த வழியே திரும்பி வர மாட்டாரா?"

"கல்யாணமான நாள்லேருந்து அந்தச் சண்டைதான் எங்களுக்குள்ள. பருப்பு வாங்கியாரச் சொன்னா மலையைச் சுத்தி எடுத்துக்கினு வருவாரு. மலைக்கு இடக்கை காட்டி நடக்க மாட்டாராம். சைக்கிள்ல போனாலும் அதே கதைதான்."

மதிவதனியின் முகம் மாறியது. அவள் வேகமாகப் பேசினாள், ஆனால் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கூட்டல் குறி மாதிரி ஒரு பெட்டி உண்டு. அதில் எலியை ஒரு முனையில் விட்டால், வலது பக்கம் திரும்பினால் தீனி. நன்றாகப் பழகிய பிறகு அதே எலியை எதிர் முனையில் விட்டுப் பார்ப்பார்கள். நல்ல எலி சுவரைப் பார்த்து, தீனி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் போய்விடும். நோய் வந்த எலி இடத்தை மறந்துவிடும். ஆனால் வலது பக்கம் திரும்ப வேண்டும் என்பது அதன் உடம்பிலேயே ஊறியிருக்கும். எந்த முனையில் விட்டாலும் அது வலது பக்கமே திரும்பும்.

"நாம மாமாவை எதிர் முனையில கொண்டாந்து விட்டிருக்கோம் அத்தை. அவரு தூரம் கம்மியான வழியைப் பார்க்க மாட்டாரு. இங்கேருந்து வடக்கால போனா மலை இடக்கைப் பக்கம் வந்துரும். மலையை வலக்கைப் பக்கம் வெச்சித்தான் நடப்பாரு. உங்க பையன் இவ்ளோ நேரம் தேடுறது தப்பான பக்கம்."

திரௌபதி பழைய வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மதிவதனியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள்.

டவுனுக்குள் வந்து, கோயில் மதிலை ஒட்டிப் போய், தெற்கே திரும்பிச் செங்கம் ரோட்டைப் பிடித்தார்கள். வழியெல்லாம் விசாரித்தார்கள். திருவண்ணாமலையில் வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர் தனியாக நடந்து போனாரா என்று கேட்டால் யார் என்ன சொல்வார்கள்? டீக்கடைக்காரர் கையை விரித்தார். இளநீர் வெட்டுகிறவர், காலையிலிருந்து அப்படி நூறு பேர் போனார்கள், உங்களுக்கு எவர் வேண்டும் என்றார்.

எம லிங்கம் போனது. அவரைக் காணோம். கிரிவலப் பாதை செங்கம் ரோட்டை விட்டு வலது பக்கம் பிரியும் இடத்தில் திரௌபதி வண்டியை நிறுத்தச் சொன்னாள். நேர் ரோட்டில் லாரிகள் விர்விரென்று போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு நேரம் அவளைத் தாங்கிப் பிடித்திருந்த தைரியம் அந்த முக்கில் கழன்றது.

"நேரா போயிருந்தார்னா? எலியும் மனுஷனும் ஒண்ணாம்மா?"

மதிவதனி நேர் ரோட்டையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணு இல்ல அத்தை. நான் நெனைக்கிறது தப்பாவும் இருக்கலாம். ஆனா நேரா போனா மலை முதுகுப் பக்கம் போயிரும். மாமாவுக்கு அது பிடிக்காது."

வண்டி வலது பக்கம் திரும்பியது.

வருண லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு புங்க மரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. மடியில் மஞ்சள் பை. ஏதோ தினமும் வந்து உட்காருகிற இடம் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரௌபதி வண்டி நிற்பதற்கு முன்னாலேயே இறங்கி ஓடினாள். திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தவள், அவர் காலில் காயம் இருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

ஆதிமூலம் அவளை நிமிர்ந்து பார்த்தார். மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டார்.

"யாரும்மா? கூட வந்தவங்களைத் தவற விட்டுட்டீங்களா? பயப்படாதீங்க. மலையை வலக்கைப் பக்கம் வெச்சிக்கினு நடங்க, எங்க போவணுமோ போய்ச் சேந்துடலாம்."

மாத்திரைப் பெயரை மறந்தார், தேதியை மறந்தார், சாப்பிட்டதை மறந்தார். தன்னை மறக்கிற நாள் ஒன்று வரும் என்று அவளுக்குத் தெரியும். அது இன்றைக்கு, இந்த ரோட்டில் வரும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

மதிவதனி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே கிளம்பினீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"வீட்டுக்குத்தான். டவுன்ல வேலை முடிஞ்சிது. திரௌபதி காத்துக்கினு இருப்பா. பூ வேற வாடுது."

பையைத் திறந்து காட்டினார். உள்ளே வாழை இலையில் சுற்றின மல்லிகைச் சரம். டவுனுக்குப் போய்வந்தால் பூ வாங்கி வருவது அவர் வழக்கம். அதையும் அவர் உடம்பு மறக்கவில்லை போலிருக்கிறது.

பெயர் இருக்கிறது, பூ இருக்கிறது, எதிரில் நிற்கிறவளின் முகம்தான் இல்லை. திரௌபதி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மதிவதனி எழுந்து வந்து அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள்.

"அத்தை, அவரு மனசுல நீங்க இருக்கிற இடம் இந்த ரோடு இல்ல. இங்க உங்களை அவரு தேடலை, அதான் தெரியலை. நீங்க ஒரு ஆட்டோ புடிச்சி முன்னால போங்க. கதவைத் தெறந்து, எப்பவும் நிக்கிற இடத்துல நில்லுங்க. நான் வண்டியை இங்கயே விட்டுட்டு மாமாவை நடத்திக் கூட்டியாரேன்."

"நின்னா தெரிஞ்சிக்குவாரா?"

"தெரியாது அத்தை. நின்னு பாக்கலாம்."

ஆமாம் என்று மதிவதனி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தான் அவளை நம்பித் திரௌபதி ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

பூட்டைத் திறந்து உள்ளே போனால் வீடு வெறிச்சென்று இருந்தது. சாமான் எல்லாம் வேங்கிக்காலுக்குப் போய்விட்டது. அவள் வாசலைக் கூட்டி, பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கித் தெளித்தாள். முகம் கழுவிக்கொண்டாள். பச்சைக் கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தி, மறுபக்கத்தில் சாய்ந்து நின்றாள். அவர் வேலை முடிந்து வருகிற நேரங்களில் எப்போதும் அப்படித்தான் நிற்பாள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவளுக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

அவர்கள் வளைவில் திரும்பி வந்தார்கள். அவர் மதிவதனியின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார், அவள் வெறுங்காலோடு வந்தாள். அவருக்கு இடது பக்கமாகவே நடந்துவந்தாள், மலையை மறைக்காமல். சூட்டு விளக்குக்குக் கீழே எலியைக் கொண்டுபோய் விடுகிற அதே பொறுமைதான். இந்தப் பெண்ணைப் பெற்றவள் நன்றாக இருக்கட்டும் என்று திரௌபதி மனசுக்குள் கும்பிட்டாள்.

வீட்டுக்கு நேராக வந்ததும் ஆதிமூலம் நின்றார். மலையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அப்புறம் கதவில் சாய்ந்து நின்றவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் திரௌபதி, இந்த வெயில்ல வந்து நிக்கிற?"

அவ்வளவுதான் கேட்டார். அவள் படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாகத் தலையை ஆட்டினாள்.

அவர் பையிலிருந்து சரத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். வெயிலில் வாடிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு வழித்துணைக்கு வந்துது. செருப்பு வேற குடுத்துது. இதுக்கும் கொஞ்சம் கிள்ளிக் குடு."

மருமகளை அவருக்குத் தெரியவில்லை. மதிவதனி அதற்காக முகம் வாடவில்லை. பெரியவர் ஆசையாகக் கொடுக்கச் சொன்னதை மறுக்க மனசு வராமல், ஒரு நொடி கண்ணை மூடித் திறந்துவிட்டு, பூ வைத்துக்கொள்ளத் தலையைக் குனிந்தாள்.

திரௌபதி பூவைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பரீட்சையை வெச்சிக்கினு பூ வெப்பியா நீ? உங்க மாமா பங்கையும் சேத்து நானே வெச்சிக்கிறேன். நீ போயி உன் எலிங்களைப் பாரு. பஸ்ஸுக்கு நேரமாவுது."

காலையில் ராணியம்மாளுக்கு வாயால் எடுத்துச் சொன்னது வேறு, இப்போது பூவையே தடுத்தது வேறு. மதிவதனி அத்தையின் தோளில் ஒரு தடவை முகத்தை வைத்து எடுத்தாள். அத்தைக்குத் தலையில் பூ வைத்துவிட மாமா தடுமாறியபோது, அவள் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மதிவதனி போன் பண்ணியிருந்ததால் பாலாஜி வடக்குப் பக்கமிருந்து பறந்து வந்தான். அப்பா உள்ளே வெறும் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். கொஞ்சம் தெளிந்ததும், மதியை பஸ் ஏற்றிவிட்டுக் கார் பிடித்து வருகிறேன், அப்பாவை வேங்கிக்காலுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்றான். கேட்டுக்கு நல்ல பூட்டாக வாங்கிவிட வேண்டும் என்றும் சொன்னான்.

திரௌபதி சாவியை எடுத்து மறுபடியும் இடுப்பில் செருகினாள்.

"உன் பொண்டாட்டி எலிக்குப் பரீட்சை வெக்கிறதுக்காக மேடையை எடுக்குறா பாலாஜி. உங்கப்பாவுக்கு எதுக்கு வீட்டை எடுத்துப் பரீட்சை வெக்கணும்? வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட நான் வரலை."

"அம்மா, நான் வாக்குக் குடுத்துட்டேம்மா. லாட்ஜ் கட்டுறவரு சும்மா விட மாட்டாரு." பாலாஜி உதவிக்கு மனைவியைப் பார்த்தான். மதிவதனி கால் தூசியைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை.

உள்ளே இருந்து ஆதிமூலத்தின் குரல் வந்தது.

"திரௌபதி, ஜன்னலண்ட இருந்த கட்டில் எங்க? காணமே?"

"கேட்டுதா?" என்று திரௌபதி மகனைப் பார்த்தாள். "சாயங்காலத்துக்குள்ள கட்டிலைக் கொண்டாந்து ஜன்னலண்ட போடு."